பிரிக்காத உறை

அந்தக் கடித உறையை நான் பத்தொன்பது நாள் பிரிக்கவில்லை.

அப்போது பினாங்கில், பீச் ஸ்திரீட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். என் மேசையில் இழுத்துத் திறக்கும் மூன்றாவது லாச்சியில், கார்பன் பேப்பர் கட்டுக்கு அடியில் அதை வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தப் பத்தொன்பது நாளும் சாயங்காலத்தில் அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான். "கடுதாசி வந்துச்சா பாப்பா?" நான் சொன்னதும் ஒரே பதில்தான். "இல்லண்ணே, வரல."

நான் பொய்யே சொல்லாதவள் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். வக்கீல் உள்ளே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே "கோர்ட்டுக்குப் போயிருக்கார்" என்று போனில் கூசாமல் சொல்கிறவள். ஆனால் அண்ணனிடம் சொன்ன பொய் வேறு. அந்த உறைக்குள் அவருடைய காலும் கண்ணும் இருந்தன. என் பயமும் இருந்தது. பயம்தான் ஜெயித்தது.

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் பிறந்த சமயம். சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அண்ணன், அண்ணி, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அப்பா இறந்துபோனார். அம்மாவும் சில வருடத்தில் போய்விட்டார். அண்ணன் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒயர்மேன் ஒருவரோடு சேர்ந்து சுவரில் ஒயர்க் குழாய் பதிக்கப் போனார். நான் பதினேழு வயதில் முடிக்கும் படிவம் ஐந்து வரை படித்தேன், அதற்கு மேல் டைப்பிங்கும் படித்தேன். அவர் படிக்காமல் விட்டதைத்தான் நான் படித்தேன் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அண்ணன் இதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

எனக்கு ஊசி என்றால் பயம். சிறுவயதில் பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்தார்கள். என் முறை வருவதற்கு முன்னாலேயே, எனக்கு முன்னால் நின்றவளின் கையில் ஊசி இறங்குவதைப் பார்த்தே மயங்கி விழுந்துவிட்டேன். அண்ணன் வேலையைப் போட்டுவிட்டு சைக்கிளில் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார். "அடுத்தவளுக்குப் போட்ட ஊசிக்கு இவ விழுந்துட்டா லா" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். இருபத்தைந்து வயதுக்கு மேலும் நான் மாறவில்லை. வக்கீல் ஆபீசில் ஸ்டேப்ளர் முள் விரலில் ஏறினால்கூட ஒரு நிமிடம் உட்கார்ந்துதான் எழுவேன்.

அண்ணனின் வியாதி ஒரு சிவப்பு ஒயரில் ஆரம்பித்தது. மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் அவருக்குப் பராமரிப்பு வேலை. தினமும் பெரிக் கப்பலில் கடலைக் கடந்து அக்கரைக்குப் போய் வருவார். ஒரு வாரமாக வலது கண்ணைத் திருப்பினால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள், புதிதாக வந்த சிவப்பு ஒயர் சரியில்லை, சாயத்தில் ஏமாற்றிவிட்டார்கள், பழைய செங்கல் மாதிரி இருக்கிறது என்று கடைக்கே எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டிருக்கிறார். சீனக் கடைக்காரர் ஒயரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மேரா லா! இதுக்கு மேல என்ன மேரா வேணும் உனக்கு?" என்று கத்தியிருக்கிறார். மேரா என்றால் மலாயில் சிவப்பு. அண்ணன் இடது கண்ணால் பார்த்தார். சிவப்பு. வலது கண்ணால் பார்த்தார். செங்கல். எது சிவப்பு, எது கறுப்பு என்று பார்த்துப் பிழைக்கிற மனிதருக்கு அது எப்பேர்ப்பட்ட செய்தி என்று யோசித்துப் பாருங்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர் ஒவ்வொரு கண்ணாக மூடி மூடி வீட்டுச் சாமான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரத்தில் கண் தானாகவே தெளிந்துவிட்டது. நாங்களும் மறந்துவிட்டோம். ஆறு மாதம் கழித்து, கழுத்தைக் குனிந்தால் முதுகிலிருந்து கால்வரை சுரீர் என்று ஷாக் அடிக்கிறது என்றார். "எத்தனையோ தடவ ஷாக் வாங்கிருக்கேன். கையில ஒயரே இல்லாம வாங்குறது இதான் மொத தடவ" என்று சிரித்தார். அண்ணியும் சிரித்தார். அடுத்து இடது கால் கனத்தது. செருப்பு காலைவிட்டு நழுவுவதே அவருக்குத் தெரியவில்லை. பெரியில் ஏறும் பலகையில் ஒரு காலை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்த நண்பர் ஒருவர்தான் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். தள்ளுகட்டிலில் படுக்கவைத்து வெளியே கொண்டுவந்தபோது அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "நீ உக்காந்திருந்தியா, விழுந்துட்டியா?"

எங்களைப் பார்த்த டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர். பினாங்கிலேயே பிறந்தவர்தான், ஆனால் தமிழ் பேசினால் அவர்கள் வீட்டுத் தமிழ்தான் வரும். நரம்பைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது, உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே அதைப் பகையென்று எண்ணித் தின்கின்றன, அதனால் மூளை அனுப்பும் சேதி வழியில் தடுமாறுகிறது என்று படம் போட்டு விளக்கினார். அண்ணன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தோல் உரிஞ்ச ஒயரு. கரண்ட்டு லீக் ஆவுது. அதான?" என்றார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதேதான். நான் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்க அரை மணித்தியாலம் எடுக்கும்" என்றார். வெயில் ஏறினால் கண் மங்குகிறது, குளிர்ந்த தண்ணீரில் குளித்தால் தெளிகிறது என்று அண்ணன் சொன்னதற்கும் அதுதான் காரணம் என்றார். சூடு ஏறினால் உறை போன நரம்பு இன்னும் தடுமாறும். பினாங்கில் வெயில் ஏறாத நாள் எது? அதன் பிறகு மத்தியான வேளையில் அண்ணன் ஒரு வாளியில் ஐஸைப் போட்டு அதில் காலை விட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்.

வீட்டில் அண்ணி, "என்ன வியாதின்னு சொன்னாங்க?" என்று கேட்டார். இங்கிலீஷ் பெயரைச் சொன்னால் புரியாதே என்று நான், மெத்தப் படித்தவள், "நரம்புத் தளர்ச்சி" என்று மொழிபெயர்த்தேன். அண்ணி அதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டார். தமிழ்ப் பத்திரிகையில் நரம்புத் தளர்ச்சி என்று விளம்பரம் போட்டு, ஓட்டல் அறையில் தங்கி வைத்தியம் பார்க்கிறவர்கள் எதற்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். எனக்கு அது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருடமாகப் பிள்ளையில்லாத வீட்டில் நான் எடுத்துக் கொடுத்த சொல் அது. இரண்டு நாளில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு லேகிய டப்பாவைத் துணியில் மறைத்துக் கொண்டுவந்து அண்ணி கையில் திணித்துவிட்டுப் போனார். அண்ணி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதார். அண்ணன் லேகியத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசம் நல்லாத்தான் இருக்கு, ரொட்டிக்குத் தடவிக்கலாம்" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரே சொல்தான். உறை. உறை தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். "என்ன உறை, தலகாணி உறையா?" என்று அண்ணன் கேலி செய்தார். டைப் அடிக்கிறவளுக்கு உறை என்றால் கடித உறைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும் என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தச் சொல் திரும்பி வந்து என்னைப் பிடிக்கும் என்று தெரியாது.

ஒரு முறை அண்ணன் டாக்டரம்மாவிடம் கேட்டார். "ஒயர்ல தோல் போனா டேப் சுத்துவோம். இதச் சுத்த முடியாதா?" டாக்டரம்மா, வெளிநாட்டில் சிலர் அதைத்தான் முயன்றுகொண்டிருக்கிறார்கள் என்றார். அந்த உறையைச் சுற்றுகிற செல்களை எடுத்து, உறை இல்லாமலே பிறந்த எலிகளுக்குள் வைத்துப் பார்க்கிறார்கள், இன்னும் மனிதர் பக்கம் வரவில்லை என்றார். அண்ணன் விடவில்லை. அடுத்த முறை போனபோது டாக்டரம்மா ஒரு சஞ்சிகைக் கட்டுரையை நகலெடுத்து வைத்திருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாரம் அகராதியோடு உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதினேன். அந்த எலிகள் பிறந்து சில நாளிலேயே நடுங்க ஆரம்பித்துவிடுமாம். நடக்க வராதாம். அவற்றின் முதுகுத்தண்டில் செல்களை ஊசியால் செலுத்தினால், அங்கே போய் அவை நரம்பைச் சுற்றிப் புதிய உறையைச் சுற்றுகின்றனவாம். படிக்கப் படிக்க எனக்கே உடம்பு சிலிர்த்தது. பிறகு அந்த வரி வந்தது. செல்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டன? அதே ஈற்றில் பிறந்த, நோயில்லாத குட்டிகளிடமிருந்து. நான் "உடன்பிறந்தவற்றிடமிருந்து" என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்கு இரண்டு பத்தி கீழே, இதே போல உறை சுற்றும் இன்னொரு வகைச் செல் கணுக்கால் பக்கத்து நரம்பிலும் இருக்கிறது, பின்னாளில் அதுவும் பயன்படலாம் என்று இருந்தது.

வீட்டில் வாசித்துக் காட்டினேன். அந்த இரண்டு வரியையும் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விடவில்லை. அப்போது எனக்கு அந்த அளவு நேர்மையாவது இருந்தது. "உடன்பிறந்தவற்றிடமிருந்து" என்றதும் அண்ணி என்னைப் பார்த்தார். தப்பான பார்வை இல்லை. கடையில் தேடிய சாமான் கண்ணில் பட்டுவிட்டது போன்ற ஒரு பார்வை. "பின் புளோக்குல ஒரு அக்கா தம்பிக்குக் கிட்னி குடுத்தாங்கல்ல, இப்ப ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்காங்க. கூடப் பொறந்தவங்கதுதான் சேருமாம்" என்றார். அண்ணன் சட்டென்று, "எலிக்கு நடந்தத பேசிக்கிட்டிருக்கோம், நீ கிட்னிக்குப் போய்ட்டே" என்றார். பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. எனக்கு நிற்கவில்லை. அன்றிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்தால் என் கை தானாகப் போய்க் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும்.

டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். ஆஸ்பத்திரி நடைபாதையில், அவர் கையில் இரண்டு கோப்பு, பின்னால் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். "டாக்டர், இத மனுசனுக்குச் செய்யறதா இருந்தா என்கிட்டருந்து எடுப்பாங்களா?" அவர் என் தோளைத் தொட்டார். "இப்ப அதை யோசிக்காதேங்கோ" என்றார். போய்விட்டார்.

இப்ப அதை யோசிக்காதேங்கோ. அப்படியானால் பிறகு யோசிக்க வேண்டும். இல்லை என்று சொல்லவில்லையே! எடுக்க மாட்டார்கள் என்றால் அதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அந்த "இப்ப" என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் சோறு தின்னாமல் கிடந்தேன். என் அண்ணன் எனக்காகப் படிப்பை விட்டார். நான் அவருக்காக ஒரு துண்டு நரம்பைத் தர மாட்டேனா? தருவேன். நிச்சயம் தருவேன். அதை நினைத்தவுடனே உள்ளங்கை வேர்த்துக் கண் இருட்டியது. தருவேன் என்கிற வாய் ஒன்று, ஓடு என்கிற கால் ஒன்று. அந்தக் காலையும் எடுத்துவிட்டால் எப்படி ஓடுவது என்று என்னை நானே கேலி செய்து பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

அண்ணன் கடிதம் எழுதலாம் என்றார். கட்டுரையின் அடியில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் விலாசம் இருந்தது. "எலிக்குப் பண்ணியாச்சு. அடுத்தது மனுசன்தான? மொத ஆளா என்னக் கூப்பிடச் சொல்லு. நான் ஒயர்மேன், எங்க லீக்குன்னு நானே சொல்லிருவேன்." அவர் சொல்லச் சொல்ல நான் ஆபீஸ் மெஷினில் ஆங்கிலத்தில் அடித்தேன். ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்கச் சொன்னார். கட்டுரையில் உறை வந்தது என்று இருக்கிறதே தவிர எலி நடந்ததா என்று இல்லையாம். "அதக் கேளு. எலி நடந்துச்சா?" பதில் என் பெயருக்கு, என் ஆபீஸ் விலாசத்துக்கு வரட்டும் என்றும் போட்டேன். எங்கள் புளோக்கின் கீழே இருந்த தபால் பெட்டிகளை யாரோ உடைத்துவிட்டிருந்தார்கள்.

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து கையெழுத்துக்கு நீட்டினேன். வெகுநேரம் பிடித்தது. விரலில் பேனா இருப்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. நடுவில் தேநீர் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். நான் வருவதற்குள் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டியும்விட்டார். "ஒழுங்கா ஒட்டல" என்றேன். "டேப் சுத்துறவன்கிட்டயே சொல்றியா?" என்றார்.

இரண்டு மாதம் போல ஆனது. ஒரு நாள் காலை ஆபீஸ் தபாலில் அது வந்தது. நீண்ட வெள்ளை உறை, வெளிநாட்டுத் தபால்தலை, என் பெயர். கனமாக இருந்தது. ஒரே தாளாக இருந்தால் முடியாது என்று எழுதியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இதில் இரண்டு தாளாவது இருக்கும். வேண்டாம் என்று சொல்ல எதற்கு இரண்டு தாள்? வரச் சொல்லியிருக்கிறார்கள். உடன்பிறந்தவளையும் அழைத்து வா என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றியது. லாச்சியைத் திறந்தேன், வைத்தேன், பூட்டினேன். நாளைக்குப் பிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

நாளை என்பது பத்தொன்பது முறை வந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அண்ணன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்பார். "கடுதாசி வந்துச்சா பாப்பா?" "இல்லண்ணே, வரல." "ம்." குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிடுவார். ஏமாற்றத்தை என்னிடம் காட்டாமல் இருக்கத்தான் அப்படி அவசரமாகத் தின்கிறார் என்று நினைப்பேன். என் தட்டில் சோறு அப்படியே இருக்கும். "என்ன பாப்பா, சம்பல் காரமா?" என்று அண்ணி கேட்பார்.

பதினேழாம் நாள் அண்ணன் விழுந்தார். எங்கள் வீடு ஆறாவது மாடி. லிப்ட் ஒற்றைப்படை மாடிகளில்தான் நிற்கும். ஐந்தில் இறங்கி ஒரு மாடி ஏற வேண்டும். மத்தியான வெயிலில் கடைக்குப் போய்விட்டு வந்தவருக்குப் படியிலேயே கண் மங்கிவிட்டது. இல்லாத ஒரு படியில் காலை வைத்தார். நெற்றியில் மூன்று தையல். ஆபீசுக்குப் போன் வந்தபோது என் கை அந்த மூன்றாவது லாச்சியின் மேல்தான் இருந்தது. நான் ஒளித்துவைத்த நாட்களில் எத்தனையாவது நாளில் பிரித்திருந்தால் அவர் விழாமல் இருந்திருப்பார் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். முட்டாள்தனமான கணக்கு. கடிதம் வந்த அன்றே பிரித்திருந்தாலும் அந்தப் படி அங்கேதான் இருந்திருக்கும். இருந்தாலும் கணக்கு நிற்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை அவரை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் தையலைப் பார்த்தார், காலைத் தட்டிப் பார்த்தார், மருந்தைக் கூட்டி எழுதினார். "பெரிசா ஒண்டும் இல்லை. யோசிக்காதேங்கோ" என்றார்.

அண்ணன், "எப்டி டாக்டர் யோசிக்காம இருக்கறது? காலுக்குத்தான் வேல இல்ல, மண்டைக்காச்சும் ஏதாச்சும் வேல வேணாமா?" என்றார்.

டாக்டரம்மா ஒரு கணம் விழித்துவிட்டுப் பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ, எங்கட வீட்டில யோசிக்காதேங்கோ எண்டா கவலைப்படாதேங்கோ எண்டு அர்த்தம். நீங்கள் தாராளமா யோசியுங்கோ!"

அண்ணனும் சிரித்தார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்ப அதை யோசிக்காதேங்கோ. இப்போது அதற்காகக் கவலைப்படாதே. அவ்வளவுதானா? ஒரு நல்ல மனுஷி என் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னதை நான் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் செத்துப் பிழைத்திருக்கிறேன்!

அண்ணனை வீட்டில் விட்டுவிட்டு நேராக ஆபீசுக்குப் போய் லாச்சியைத் திறந்தேன். இதைச் சொல்லத்தான் வேண்டும். பயம் போன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. டாக்டரம்மா அன்று சிரிக்காமல் இருந்திருந்தால் அந்த உறை இன்னும் எத்தனை நாள் கார்பன் பேப்பருக்கு அடியில் கிடந்திருக்குமோ, எனக்கே தெரியாது.

இரண்டு தாள். முதல் தாளில், மனிதர்களுக்கு இந்தச் சிகிச்சையை அவர்கள் தொடங்கவில்லை, எப்போது தொடங்கும் என்று தங்களால் சொல்ல முடியாது, செய்கிறோம் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து நம்ப வேண்டாம் என்று இருந்தது. இரண்டாவது தாளில், அண்ணனின் கேள்விக்குப் பதில். "எலி நடந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. செல்களை வைத்த இடத்தைச் சுற்றிச் சிறிது தூரத்துக்குப் புதிய உறை உண்டானது. அந்தச் சிறிய தூரத்தில் சேதி முன்பைவிட வேகமாகச் சென்றது. ஓர் எலி எழுந்து நடக்க அது போதாது."

அதற்குக் கீழே இன்னொரு பத்தி. "உங்கள் கடிதத்தின் அடியில் கையால் ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. 'தயவுசெய்து என் தங்கையிடமிருந்து எடுக்காதீர்கள். அவளுக்கு ஊசி என்றால் பயம்.' இதை எழுதியவரிடம் சொல்லுங்கள். யாரிடமிருந்தும் எதுவும் எடுக்கப்படாது. அவர் நிம்மதியாக இருக்கட்டும்."

ஆபீசில் அழுதால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்று கழிப்பறைக்குப் போய் அழுதேன். பிறகு தலைவலி என்று வக்கீலிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதுவும் பொய்தான்.

மணி மூன்று இருக்கும். நல்ல வெயில். அண்ணி கீழே கடைக்குப் போயிருந்தார். அண்ணன் நெற்றியில் கட்டோடு, வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நேரமில்லாத நேரத்தில் என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் கையில் வைத்திருந்த வெள்ளை உறை அவர் கண்ணுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"வந்துருச்சா?" என்றார்.

"வந்துருச்சுண்ணே."

பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் வாசித்தேன். மனிதருக்கு இல்லை என்றதும் தலையை ஆட்டினார். எலி நடக்கவில்லை என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தி, மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"கொஞ்ச தூரத்துக்குச் சுத்திருக்கானுங்க" என்றார் அண்ணன். "ஒரு அடி ஒயரு சுத்தி மெஷின் ஓடாதுதான். ஆனா சுத்திட்டானுங்கல்ல? சுத்த முடியும்ல? நான் இல்லாட்டி எவனாச்சும் நடப்பான்." பிறகு, "அவ்ளோதானா? கீழ வேற ஒண்ணும் எழுதலியா?" என்று கேட்டார்.

அந்தப் பத்தியை என்னால் வாய்விட்டு வாசிக்க முடியாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். "யார்கிட்டருந்தும் எதுவும் எடுக்க மாட்டாங்களாம்ணே" என்று மட்டும் சொன்னேன்.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். அந்த உடம்பிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு மூச்சு வந்து நான் பார்த்ததில்லை. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அண்ணே, இது இன்னிக்கி வரல. வந்து பத்தொம்பது நாளாச்சு. நான்தான் பிரிக்காம ஒளிச்சு வெச்சிருந்தேன். என்னக் கூப்புட்டிருப்பாங்களோன்னு பயம். தெனமும் நீங்க ஆசையா கேட்டீங்க, நான் இல்லன்னு பொய் சொன்னேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவர் உறையைக் கையில் வாங்கி, மரத்துப்போன விரலால் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆசையாவா கேட்டேன்?" என்றார். "அவங்க ஒன்னக் கூப்புட்டுட்டா, நீ பயந்துகிட்டே போய்ப் படுத்துருவே. எனக்கு ஒன்னத் தெரியாதா? அந்தப் பயத்துலதான் தெனமும் கேட்டேன். நீ வரலன்னு சொன்னாத்தான் பாப்பா, எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கும்."